குரல் ஓட்டும் பெயர் ஓட்டும்



சென்ற மாதம் ஒரு நாள் வடசேரி பஸ் நிலையத்தில் தோவாளைக்குப் போகும் பஸ்ஸுக்காக நாம் காத்திருந்த சமயம், டீக்கடை பெஞ்சில் இருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வயல் வேலையில் கை காய்த்துப் போன மனிதர். "பாட்டா, உங்க எம்.எல்.ஏ. எப்படி?" என்று கேட்டோம்.

"அவருக்கென்ன, நல்ல மனுசனாக்கும். பேத்தி கல்யாணத்துக்கு வந்து அஞ்சு நிமிசம் இருந்துட்டுப் போனாரு. ஊர் முக்குல நிழற்குடை கட்டித் தந்திருக்காரு. பேரும் பெரிசா எழுதி வச்சிருக்கு" என்றார்.

"சட்டசபையிலே எந்தச் சட்டத்துக்கு ஆம் என்றார், எதுக்கு இல்லை என்றார் என்று தெரியுமா?" என்றோம்.

பெரியவர் நம்மை ஒரு தினுசாகப் பார்த்தார். "அது நமக்கு எப்படிவே தெரியும்? அதெல்லாம் மெட்ராசுல நடக்கிற காரியமில்லையா?" என்றார். பஸ்ஸும் வந்துவிட்டது.

அந்தப் பெரியவர் மீது நாம் குற்றஞ் சொல்ல வரவில்லை. பி.ஏ., எம்.ஏ. படித்துவிட்டு நாகர்கோவிலில் சட்டை கசங்காமல் உத்தியோகம் பார்க்கும் கனவான்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஒரு வித்தியாசம், அவர்கள் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு மணி நேரம் அரசியல் பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய பித்தலாட்டம் இருக்கின்றது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

சட்டசபைக்கு நாம் ஒருவரை அனுப்புவது எதற்காக? சட்டம் செய்வதற்கு, வரி போடவும் அதைச் செலவழிக்கவும் சர்க்காருக்கு அனுமதி கொடுப்பதற்கு அல்லது மறுப்பதற்கு, மந்திரிகளை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு. இந்த மூன்றைத் தவிர நான்காவது வேலை கிடையாது. நிழற்குடை கட்டுவது பஞ்சாயத்தின் வேலை. கல்யாணத்துக்கு வருவது சொந்தக்காரர் வேலை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று சர்க்கார் மெம்பரின் பேரில் ஒதுக்கும் பணமும் மெம்பரின் பாட்டனார் தேடி வைத்த சொத்தல்ல. கடையில் சாமான் வாங்கும்போது நாம் கொடுத்த வரி. நம் பணத்தில் போட்ட கூரைக்கு அவர் பெயர் இருக்கின்றது. அவர் கொடுத்த ஓட்டுக்கோ எங்கும் பெயர் இல்லை! இதைவிட விசித்திரம் வேறென்ன இருக்க முடியும்?

சட்டம் என்பது நிழற்குடையைவிடப் பெரிய சங்கதி என்பதற்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி என்று ஒரு முறை இருந்தது. தகப்பன் சம்பாதித்த சொத்து அவன் சகோதரி மக்களுக்குப் போகும். பெற்ற பிள்ளையும் கட்டிய மனைவியும் உகந்துடைமை என்று கிள்ளிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். எத்தனை குடும்பம் இதனால் கோர்ட்டில் வெந்து நாசமாயிற்று என்பதைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் சிரிக்கச் சிரிக்கவும் அழ அழவும் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த அக்கிரமத்தை எந்தச் சாமியும் வந்து நிறுத்தவில்லை. கொல்லம் 1101-ல், அதாவது 1925-26-ல், திருவாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் என்று ஒன்று வந்துதான் மனைவிக்கும் மக்களுக்கும் சொத்தில் பாத்தியதையை உண்டாக்கிற்று. அதேபோல் புரோகிதனும் ஓமமும் இல்லாமல் மாலை மாற்றிச் செய்துகொண்ட கல்யாணங்கள் செல்லாது என்று கோர்ட்டார் சொல்லிக்கொண்டிருந்ததும், 1967-ல் சென்னைச் சட்டசபையில் ஒரு திருத்தம் நிறைவேறிய பிறகுதான் ஒழிந்தது. முன்னால் நடந்த கல்யாணங்களும் சேர்ந்து செல்லுபடியாயின. சபையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் வாயிலிருந்து வரும் ஆம், இல்லை என்கிற ஒரு சொல் நம் வீட்டு அடுப்பங்கரை வரையில் வந்து சேருகின்றது என்பதற்கு இவ்வளவே போதும்.

அப்பேர்ப்பட்ட ஒரு சொல்லை அவர் சொன்னாரா, சொல்லவில்லையா, வாயை மூடிக்கொண்டிருந்தாரா, அல்லது அந்த நேரத்தில் காப்பி குடிக்க வெளியே போயிருந்தாரா என்பது நமக்குத் தெரிகின்றதா என்றால், தெரிகிறதில்லை. ஏனெனில் சபையில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. சபாநாயகர் ஏற்கிறவர்கள் ஆம் என்று சொல்லக் கேட்பார். மறுக்கிறவர்கள் இல்லை என்று சொல்லக் கேட்பார். எந்தச் சத்தம் பெரிதென்று தம் காதால் தீர்மானித்து, நிறைவேறிற்று என்பார். அடுத்த மசோதா வரும். மாட்டுச் சந்தையிலாவது துணியைப் போர்த்தி விரலைப் பிடித்து விலை பேசுகிறவன் கை யாருடையதென்று எதிரில் நிற்பவனுக்குத் தெரியும். இங்கே அதுவுமில்லை. மெம்பர் யாராவது எழுந்து எண்ணிக்கை வேண்டும் என்று கேட்டால் எண்ண வேண்டியதுதான். அப்படிக் கேட்பவர்கள் அத்தி பூத்தாற்போல் எப்போதாவது ஒருவர்.

ஒரு நாளைய கதையை மட்டும் சொல்லுகிறோம். 2023 ஏப்ரல் 21. பட்ஜெட் கூட்டத்தின் கடைசி நாள். தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. 1948-ஆம் வருஷத்துச் சட்டம் தொழிலாளிக்கு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று போட்ட வரம்பிலிருந்து, சர்க்கார் இஷ்டப்பட்ட ஆலைகளுக்கு விலக்குக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு அது கதவைத் திறந்துவிட்டது. ஆளுங்கட்சியுடன் கூட்டுச் சேர்ந்திருந்த கட்சிக்காரர்களே எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். மசோதா குரல் ஓட்டில் நிறைவேறிவிட்டது. அதே நாளில் பெரிய திட்டங்களுக்காக நிலங்களை ஒன்று சேர்க்கும் சட்டம் என்று இன்னொன்று, வாய்க்கால், ஓடை, குளம் இருக்கும் புறம்போக்கைத் தொடுகிற சட்டம், விவாதமே இல்லாமல் நிறைவேறிற்று. குளத்துப் பாசனத்திலும் பேச்சிப்பாறைத் தண்ணீரிலும் பிழைக்கிற நாஞ்சில் நாட்டுக் குடியானவனுக்கு இதைவிட முக்கியமான மசோதா வேறு எது? அதைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள், ஏப்ரல் 24-ல், 12 மணி நேர மசோதா நிறுத்தி வைக்கப்பட்டதாக முதல் மந்திரி அறிவித்தார். மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, வாபஸ் என்றார். வாபஸ் வாங்கியது நல்ல காரியம், அதைப் பாராட்டுகிறோம். ஆனால் பத்து நாளில் தப்பென்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு காரியத்தை ஏப்ரல் 21-ல் சரி என்று சொன்னவர்கள் யார் யார்? அன்று குமரி மாவட்டத்துக்கு மெம்பர்கள் ஆறு பேர். காங்கிரசில் மூவர், தி.மு.க.வில் ஒருவர், அ.தி.மு.க.வில் ஒருவர், பா.ஜ.க.வில் ஒருவர். நான்கு கட்சிக்காரர்கள்! கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு தொகுதியின் ஓட்டர்களில் ஒருவராவது, "என் மெம்பர் அன்று இன்ன பக்கம் நின்றார், இதோ சபைக் குறிப்பில் அவர் பெயர்" என்று கையை வைத்துக் காட்ட முடியுமா? கட்சி சொன்னதை வைத்து ஊகிக்கலாம். ஊகம் கணக்காகுமா? மளிகைக் கடைக்காரனிடம்கூட நாம் ஊகத்தின் பேரில் பணம் கொடுப்பதில்லையே.

இதெல்லாம் பெரிய சபைகளில் நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கின்றது. அதுவும் மகாராஜா ஆண்ட காலத்தில் நடந்திருக்கின்றது.

1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாதென்று சர்க்கார் வேலி போட்டு, போலீசை நிறுத்தி, நடக்க வந்தவர்களைச் சிறையில் அடைத்த சங்கதி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. ஈ.வெ.ரா. அவர்கள் அதற்காக இரண்டு தடவை சிறை போனதும் தெரியும். ஆனால் அதே சமயம் திருவனந்தபுரத்துச் சட்ட சபையில் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். நாஞ்சில் நாடும் அன்று திருவாங்கூரில்தானே இருந்தது. அந்தச் சபைதான் நமக்கும் சபை. அங்கே என். குமாரன் என்பவர், வைக்கத்திலும் மற்ற இடங்களிலும் கோவிலைச் சுற்றியுள்ள ரஸ்தாக்களை ஜாதி வித்தியாசமின்றி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1925 பிப்ரவரி 7-ல் ஓட்டெடுத்தார்கள். தீர்மானத்துக்கு 21, எதிராக 22. ஒரே ஓட்டு!

அந்தச் சபை யோக்கியமான சபை என்று நாம் சொல்ல வரவில்லை. நிலவரி கட்டுகிற கனவான்களுக்கே பெரும்பாலும் ஓட்டு. சர்க்கார் நியமித்த உத்தியோகஸ்தர்கள் வேறு உட்கார்ந்துகொண்டு திவான் பக்கம் ஓட்டுப் போடுவார்கள். தீர்மானம் நிறைவேறியிருந்தாலும் அது சிபார்சுதான், சர்க்காரைக் கட்டாது. ஆனாலும் எண்ணிக்கை இருந்தது; யார் எந்தப் பக்கம் என்பது மறைந்து போகவில்லை. தெருவில் நடக்கும் உரிமை கேட்ட அதே ஈழவ சமூகத்தைச் சேர்ந்த ஒரு மெம்பரே எதிர்ப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதும் வெளிவந்துவிட்டது. வெளிவந்ததனால் மானம் உள்ளவர்கள் பேசினார்கள். பேசினதனால் கிளர்ச்சி நின்றுவிடவில்லை. மறு வருஷமே நம் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. 1936 நவம்பர் 12-ல் கோவில் கதவையே திறந்துவிடும்படி ஆயிற்று. சட்டசபையில் தோற்ற ஓட்டும், பெயரோடு தோற்றால் வீண் போகிறதில்லை.

நூறு வருஷத்துக்கு முன் கையளவு ஓட்டர்கள் அனுப்பிய மெம்பருடைய பெயர் நமக்குத் தெரிகின்றது. வயது வந்த ஆண் பெண் எல்லோரும் ஓட்டுப் போட்டு அனுப்பிய மெம்பரின் பெயர் தெரிகிறதில்லை என்றால், இதை என்னவென்று சொல்லுவது?

மெம்பர்களைக் கேட்டால், கட்சிக் கொறடா உத்தரவு என்பார்கள். அது முழுப் பொய்யல்ல. 1985-ல் கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று ஆட்டுச் சந்தை நடத்திய காலத்தில் அது வேண்டியதாகவே இருந்தது. ஆனால் அதன்படி கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் மெம்பர் பதவியே போய்விடும் என்று ஆனதும், 234 தலைகள் இருக்கும் சபையில் யோசிக்கிற தலை நாலோ ஐந்தோ என்று ஆகிவிட்டது. அன்று திவானுக்காகக் கை தூக்கிய உத்தியோகஸ்தருக்கும் இன்று கொறடாவுக்காகக் கை தூக்கும் மெம்பருக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு விளங்கவில்லை. மந்திரிசபை கவிழும் தீர்மானத்துக்கும் பட்ஜெட்டுக்கும் கொறடா இருந்து போகட்டும். குளத்தைப் பற்றிய மசோதாவுக்கும் தொழிலாளி வேலை நேரத்துக்கும் எதற்குக் கொறடா?

அப்படியே கொறடா இருந்தாலும் பேசுவதை எவன் தடுத்தான்? ஓட்டைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டு, வாயையுமா அடகு வைக்க வேண்டும்?

இதற்கு நேர் எதிரான ஒரு வேடிக்கையும் நடந்தது. 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி மந்திரிசபை மீது நம்பிக்கை ஓட்டெடுத்தபோது, இரகசிய ஓட்டு வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டார்கள். சபாநாயகர் மறுத்துப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார், 122-க்கு 11. சபையில் நடந்த மற்ற ரகளைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. எதிர்க்கட்சியை வெளியே தூக்கிப்போட்டுவிட்டு எண்ணினதும் அழகல்ல. அன்று எழுந்து நின்ற 133 பேரில் குமரி மாவட்டத்தார் ஒருவரும் கிடையாது என்பதும் நமக்கு வருத்தமே. ஆனாலும் இரகசியம் கேட்டது தவறு. ஓட்டருக்கு இரகசியம் வேண்டும், ஏனெனில் அவன் பண்ணையாருக்கும் முதலாளிக்கும் போலீசுக்கும் பயப்பட வேண்டியவன். மெம்பர் யாருக்குப் பயப்பட வேண்டும்? நமக்குத்தான். நமக்குத் தெரியாமல் அவர் ஓட்டுப் போட வேண்டும் என்றால், நம் பணப்பையை வேலைக்காரன் இருட்டில் எண்ணித் தருகிறேன் என்பது போலத்தான்.

நிற்க.

விளவங்கோட்டார் 2021-ல் காங்கிரஸ் சின்னத்தில் அனுப்பிய விஜயதரணி அவர்கள், 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வில் சேர்ந்து பதவியை ராஜினாமா செய்தார். தாவிவிட்டுப் பதவியையும் பிடித்துக்கொண்டிருப்பவர்களைவிட ராஜினாமா செய்வது ஒழுங்கு என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். அபிப்பிராயம் மாற எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் மூன்று தடவை தொடர்ந்து தேர்ந்தெடுத்த ஓட்டர்களைக் கூட்டி, "என் அபிப்பிராயம் இன்ன சட்டத்தில், இன்ன காரியத்தில் இப்படி மாறிவிட்டது, உங்கள் யோசனை என்ன?" என்று கேட்டிருந்தால் அதுவல்லவா பிரதிநிதித்துவம்! தொகுதி டில்லியில் கை மாறிற்று. விளவங்கோட்டான் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டான். ஏப்ரல் 19-ல் இடைத் தேர்தல் வந்து காங்கிரசின் தாரகை கத்பர்ட் அவர்கள் வந்தார். ஓட்டர்கள் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கேள்வியை யாரும் அவர்களிடம் முன்னால் கேட்கவில்லை.

நமது ஜில்லா இப்படி வாய் மூடியிருந்த ஜில்லா அல்ல. 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்ட ஜனங்கள் மீது போலீசார் சுட்டார்கள். உயிர்ச்சேதம் நேர்ந்தது. அப்போது திருவாங்கூர்-கொச்சியில் ஆண்டது பட்டம் தாணுபிள்ளை அவர்களின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரிசபை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியா என்ன செய்தார்? "என் கட்சி மந்திரி, ஆகையால் பொறுப்போம்" என்றாரா? குடிகள் மீது சுட்ட சர்க்கார் ராஜினாமா செய்ய வேண்டும் என்று தம் கட்சி மந்திரியையே கேட்டார். மந்திரி இறங்கவில்லை, கட்சிதான் உடைந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் சபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அந்த மந்திரிசபை விழுந்தது. நேசமணி அவர்களின் கட்சி மெம்பர்கள் சபைக்குள் நின்று பேசியது எதை, எவரை எதிர்த்து என்பதில் விளவங்கோட்டுத் தென்னந்தோப்பில் வேலை செய்கிறவனுக்கும் சந்தேகமிருக்கவில்லை. 1956 நவம்பர் முதல் தேதி நாலு தாலூகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது அதனால்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 2017 நவம்பர் 29, 30-ல் ஒக்கிப் புயல் வந்து கடலில் போனவர்கள் திரும்பவில்லை. எத்தனை பேர், எங்கே தேடினீர்கள், எச்சரிக்கை எப்போது வந்தது என்று கேட்க வேண்டியது சட்டசபை. அதுவோ 2018 ஜனவரி 8-ல்தான் கூடிற்று. டிசம்பர் 7-ல் மீனவத் தாய்மார்கள் பிள்ளைகளோடு குழித்துறை ஸ்டேஷன் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதாயிற்று. சபை கூடாத நாட்டில் தண்டவாளம்தான் சபை. 2021-ல் ஆள வந்த கட்சி வருஷத்துக்கு 100 நாள் சபை கூட்டுவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிற்று. அதற்குப் பின் 2025 வரை ஒரு வருஷத்திலாவது 100 நாளைத் தொட்டதா? கேள்வி நேரத்தை 2022 ஜனவரி முதல் நேரலையில் காட்டினார்கள், அது நல்லது. ஆனால் கேள்வியைக் காட்டி ஓட்டைக் காட்டாவிட்டால் பாதி நாடகம் பார்த்த கதைதான். வரவு செலவில் ஓட்டை எங்கே என்று சொல்லும் தணிக்கை அறிக்கையும் பல முறை கூட்டத்தின் கடைசி நாளில்தான் மேஜைக்கு வந்திருக்கின்றது. பந்தி முடிந்து இலை எடுத்த பின் உப்பு வைப்பது போல!

2024-ல் கிள்ளியூர் தாலூகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் கடலோர மணலில் தாதுப் பொருள் எடுக்க மத்திய சர்க்காரின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் உத்தேசித்தது. ஜனங்கள் எதிர்த்ததன் பேரில் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. இது மத்திய சர்க்கார் அதிகாரத்துக்குட்பட்ட சங்கதி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று மாகாண மெம்பர் சொல்லிக்கொள்ளலாம். சட்டம் செய்ய முடியாதுதான். நிலம், தண்ணீர், கடற்கரை ஊர்களின் சுகாதாரம் யார் இலாகா? அதைப் பற்றி மந்திரியைக் கேட்டு எழுத்து மூலம் பதில் வாங்க எந்த டில்லி தடுக்கின்றது?

கவர்னர் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். சபை நிறைவேற்றிய மசோதாக்களைக் கவர்னர் கிடப்பில் போட்டு, 2023 நவம்பர் 13-ல் 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். 18-ந் தேதி சபை கூடி அவைகளை மறுபடி நிறைவேற்றிற்று. 2025 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட்டார் அந்தப் பத்தும் சம்மதம் பெற்றவையே என்றார்கள். பிறகு ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்கு அதே வருஷம் நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள், கோர்ட்டு காலக்கெடு விதிப்பதும் சம்மதம் கிடைத்ததாகத் தானே வைத்துக்கொள்வதும் கூடாது, ஆனால் காலவரையின்றிக் கிடப்பில் போடுவதும் கூடாது என்று அபிப்பிராயம் சொன்னார்கள். ஓட்டு வாங்காத ஒரு நியமன மனிதர் கோடிக்கணக்கான ஓட்டர்களின் சபையைக் காக்க வைப்பதை நாம் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள முடியாது. இதில் நாம் சபையின் பக்கம்தான். ஆனால், "நாங்கள் ஜனப் பிரதிநிதிகள், எங்களை நீ கேட்க யார்?" என்று கவர்னரிடம் காட்டும் ரோஷத்தில் கால்வாசியையாவது, அந்த ஜனங்களுக்குக் கணக்குச் சொல்வதில் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே நாம் கேட்பது சிறிய காரியம். ஒவ்வொரு மசோதாவும் கடைசியாக நிறைவேறும்போது பெயர் சொல்லி ஓட்டெடுக்க வேண்டும். மசோதா சபைக்கு வந்து பதினைந்து நாளாவது சென்ற பிறகே அந்த ஓட்டு நடக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் தாலூகா ஆபீசிலும் பஞ்சாயத்துப் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. சபை விதியில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை எழுதாமலிருப்பது எந்தக் கட்சிக்கும் சௌகரியமாயிருக்கின்றது என்பதால்தான், கட்சிக்குக் கட்சி மாறி மாறி ஆண்டும் அது எழுதப்படவில்லை.

அது எழுதப்படும் வரை சும்மா இருக்க வேண்டியதுமில்லை. அடுத்த தடவை உங்கள் மெம்பர் கல்யாணத்துக்கோ, கிளப்பு ஆண்டு விழாவுக்கோ, நிழற்குடை திறக்கவோ வருவார். மாலையைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மாலையோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் கையில் கொடுங்கள். அதில், "சென்ற கூட்டத்தில் வந்த மசோதாக்கள் எத்தனை? எவற்றுக்கு ஆம் என்றீர்கள்? எவற்றுக்கு இல்லை என்றீர்கள்? எத்தனை கேள்வி கேட்டீர்கள்?" என்று எழுதி, கீழே உங்கள் ஊர் பெயரைப் போட்டு, பதிலைக் கையெழுத்துடன் கேளுங்கள். வடசேரிப் பெரியவருக்கும் இப்படி ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டாம் பேத்திக்கு வைகாசியில் கல்யாணமாம். மெம்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.